ஆளுங்கட்சியில் ஒரு பை டூ

எதைக் கையில் கொடுத்தாலும் நடுவில் கோடு கிழித்து இரண்டு சம பாகமாக்கிவிடும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஓசூர் பை டூ அண்ணன். ஒரு கடுகளவு கூட ஒரு பக்கம் சாயாது. அப்படிப்பட்ட ஆளை ஒரு ஆளுங்கட்சியில் வைத்திருந்ததே முதல் தப்பு என்பேன்.

பெயர்க் காரணத்தை ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே டீக்கடையில் "ஒன் பை டூ" என்றால் ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பார்கள். பெங்களூர்ப் பழக்கம், எல்லை தாண்டி வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் விருதுநகர்ப் பக்கம் போய் இப்படிக் கேட்டால், "ஏன், மீதிப் பாதியை வீட்டுல குடிச்சிட்டு வந்தியளா?" என்பார்கள். அண்ணன் தினமும் காலையில் ஒரு ஒன் பை டூ வாங்குவார். இரண்டு கிளாஸையும் கண்ணுக்கு நேராகத் தூக்கி மட்டம் பார்ப்பார். பிறகு இரண்டு பேருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருக்கு? "எனக்கு வாசனையே போதும்மா" என்பார்.

அந்த இரண்டு பேர் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்சி அலுவலகம் மாடியில், என் மொபைல் கடை கீழே. ரீசார்ஜ், ஸ்கிரீன் கார்டு, ஜெராக்ஸ். அரசியல் எனக்கு ஆகவே ஆகாது. வாடகை கட்டுப்படியான இடம் வேறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மேலே நடக்கிற சண்டை எல்லாம் படிக்கட்டு வழியாக நேரே என் கல்லாவில் வந்து விழும்.

கட்சிக்காரர்கள் யாரையும் பேர் சொல்லிப் பேச மாட்டார்கள், பதவிதான் பேர். நகரச் செயலாளர் "நகரம்", ஒன்றியச் செயலாளர் "ஒன்றியம்", கிருஷ்ணகிரியில் இருக்கும் மாவட்டச் செயலாளர் "மாவட்டம்". கடை வைத்த புதிதில் ஒருத்தர் ஓடிவந்து, "அக்கா, நகரத்துக்கு வயித்தால போவுது, பக்கத்துல மெடிக்கல் எங்க இருக்குது?" என்று கேட்டபோது நான் குடிதண்ணீரில்தான் ஏதோ கலந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

நகரம், ஒன்றியம், பை டூ மூன்று பேரும் ஒரு காலத்தில் ஒரே கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஒரே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியவர்கள். கட்சி வளர்ந்தது. இரண்டு பேர் கூடவே வளர்ந்தார்கள். வாளி மட்டும் அண்ணன் கையிலேயே நின்றுவிட்டது.

பிறகு ஒருநாள் அமைச்சர் வந்தார். நகரம் பொன்னாடையோடு முன்னால் பாய்ந்தார். பின்னால் நின்ற ஒன்றியத்தின் செருப்பு நகரத்தின் வேட்டி நுனியில் இருந்தது. வேண்டுமென்றே மிதித்தாரா, தெரியாமல் மிதித்தாரா என்பது இன்றைக்கும் விசாரணையில் இருக்கிறது. தனக்கு வந்த பொன்னாடையை அமைச்சரே வாங்கி நகரத்தின் இடுப்பில் சுற்றிவிட வேண்டியதாயிற்று. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அலுவலகத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். பை டூ அண்ணன் நடுவில் வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் ஒரு வணக்கம் வைத்தால் அந்தப் பக்கமும் ஒன்று வைப்பார். நகரத்துக்குக் காய்ச்சல் வந்தபோது என் கடையில் வந்து கையைப் பிசைந்தார். "அவனப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்மா. இப்ப இவனப் போய்ப் பாக்கணும். இவனுக்குத்தான் ஒண்ணுமே இல்லியே, என்னான்னு சொல்லிப் பாக்கறது?"

செய்தித்தாளையும் விடவில்லை. ஒரே பேப்பருக்கு இரண்டு பேரும் சண்டை போட்டதால் தினமும் அதை மேலிருந்து கீழாகக் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுப்பார். ஒருநாள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "கருத்துக்கணிப்பு: ஆளுங்கட்சிக்குப் பெரும் பின்னடைவு" என்று வந்திருந்தது. "ஆளுங்கட்சிக்குப் பெரும்" வரை நகரத்தின் கைக்குப் போயிற்று. மீதி ஒன்றும் தெரியாமல், பெரும் வெற்றி என்று அவரே முடிவு செய்து எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். "பின்னடைவு" என்ற பாதியைப் பார்த்த ஒன்றியம், "நகரத்தோட கதை பேப்பர்லயே வந்துடுச்சு பாருங்கடா" என்று அவர் பங்குக்குக் காராபூந்தி வாங்கினார்.

உண்மை நிலைமை என்னவென்றால், அந்த வருடம் ஆளுங்கட்சி முழுகிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வராத தெரு ஒரு பக்கம். கான்ட்ராக்ட் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பையன்கள் ஒரு பக்கம். ஆபீஸுக்கு மனு கொண்டுவருகிறவர்கள் கூட நின்றுபோனார்கள். நாற்காலிகள் மேல் ஈ உட்கார்ந்திருக்கும். டிவியில் கருத்துக்கணிப்பு வந்தால் மாடியில் உடனே சேனல் மாறும். திடீரென்று மாமியார் மருமகள் சண்டைச் சத்தம் கேட்டால், சரி, இன்றைக்கும் இறங்குமுகம்தான் என்று கீழே இருந்தே தெரிந்துகொள்வேன்.

இந்த லட்சணத்தில் எம்எல்ஏ சீட்டுக்கு நகரமும் ஒன்றியமும் மல்லுக்கட்டினார்கள். தலைமைக்குத் தலைவலி. யாருக்கு ஆதரவு என்று மக்களிடமே போனில் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தது. தொகுதி முழுக்க கால் வரும், ஒரு பெண் குரல் பேசும், நகரச் செயலாளர் என்றால் ஒன்றை அழுத்தவும், ஒன்றியச் செயலாளர் என்றால் இரண்டை அழுத்தவும்.

நகரம் அண்ணனைக் கூப்பிட்டு, "ஊரு ஃபுல்லா ஒண்ண அழுத்தச் சொல்லிடுடா" என்றார். படியில் இறங்கும்போது ஒன்றியம் பிடித்துக்கொண்டு, "ரெண்டு. மறந்துடாத" என்றார். அண்ணன் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

"என்னண்ணே, முகம் செத்துப்போச்சு?"

"எவன் தோத்தாலும் அவன் இன்னொருத்தன் கூட இந்த ஜென்மத்துல சேர மாட்டாம்மா. கட்சி எக்கேடு கெட்டாலும் போவட்டும். இவனுங்க ரெண்டு பேரும் பழையபடி ஒண்ணா உக்காந்து பேசறத நான் பாக்கணும். அது ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே ஒரு வழி தோன்றிவிட்டது.

"சமமா வந்துட்டா? எங்க ஊரு பால் சொசைட்டில சமமா ஓட்டு வந்துச்சு. ஆளுக்குப் பாதிக் காலம் தலைவர்னு பிரிச்சுக்கினாங்க."

"அண்ணே, அது பாலு. இது எம்எல்ஏ சீட்டு."

"எல்லாம் பிரிக்கறதுதாம்மா" என்று எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆள் கண்ணிலேயே படவில்லை. தெருத் தெருவாக நடந்திருக்கிறார். இடது பக்கத்து வீடுகள் எல்லாம் ஒன்று, வலது பக்கத்து வீடுகள் எல்லாம் இரண்டு. தெலுங்கு வீட்டில் தெலுங்கு, கன்னட வீட்டில் கன்னடம். கம்பெனி வேலைக்கு வந்த எங்கள் தெற்கத்தி ஆட்கள் இருக்கும் லைன் வீடுகளில், மாடி ஒன்று, கீழ்வீடு இரண்டு.

"யாருண்ணே அந்த ரெண்டு பேரும்?" என்று கேட்டிருக்கிறான் ஒரு பையன்.

"அது உனக்கு என்னாத்துக்கு? நீ கீழ்வீடு. ரெண்டு."

ஒரு மூலை வீட்டம்மா மடக்கிவிட்டார். "எங்களுக்கு ரெண்டு தெருவுலயும் வாசல் இருக்குது. நான் என்னாத்த அழுத்தறது?"

அண்ணன் யோசித்து, "நீங்க ஒண்ணு, வீட்டுக்காரரு ரெண்டு" என்றார்.

"நான் சொல்றதத்தான் அவரு அழுத்துவாரு."

"அப்படின்னா போனையே எடுக்காதீங்க தாயி."

சானமாவுக் காட்டுப் பக்கம் போனபோதுதான் அவருக்குத் தெம்பு விட்டுப்போயிற்று. ஒரு ராகிக் கொல்லைக்காரர் அண்ணன் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யானை வந்து மொத்தக் கொல்லையும் மேஞ்சிட்டுப் போயிருச்சு. ஆபீஸுக்குப் போனா நாளைக்கு வா, நாளைக்கு வாங்கறான். யானைய அனுப்பறதுக்கு எந்த நம்பர அழுத்தணும், அத மொதல்ல சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். என்னிடம் வந்து, "ஒண்ணும் இல்ல, ரெண்டும் இல்ல. ஜனங்களுக்கு நம்ம மூஞ்சியே பிடிக்கலம்மா" என்றார். ஆனாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து நடக்கப் போய்விட்டார்.

முடிவு சொல்ல மாவட்டமே கிருஷ்ணகிரியிலிருந்து வந்தார். ஜெராக்ஸ் கொடுக்கிற சாக்கில் நானும் மாடி ஏறி ஓரமாக நின்றேன்.

"ரெண்டு பேருக்கும் சரி சமம். துளி வித்தியாசம் இல்ல" என்றார் மாவட்டம்.

அந்த அறையில் ஒரே ஒரு ஆள் கை தட்டினார். யாரென்று சொல்ல வேண்டுமா?

"என்னாத்துக்குய்யா கை தட்டற? சமம்னா என்னா அர்த்தம்? ரெண்டு பேருக்குமே சொந்தச் செல்வாக்கு கிடையாதுன்னு அர்த்தம். தலைமை வேற ஆளப் போட்டுருச்சு."

வேறு ஆள் என்பவர் லேஅவுட் போட்டு விற்கிற பெரும்புள்ளி. வீடு பெங்களூரில். ஓசூரில் அவருக்கு நன்றாகப் பழக்கமான இடம் டோல்கேட்தான்.

அப்போதுதான் மகளிர் அணி அக்கா ஒருவர் வெள்ளந்தியாக வாயைத் திறந்தார். "அதெப்படிங்க? எங்க இடது பக்கம் பூரா ஒண்ணுதான அழுத்துனோம்?"

"நாங்க வலது பக்கம். சொன்ன மாதிரி ரெண்டுதான் அழுத்துனோம்" என்றார் இன்னொருவர்.

"என்னா பக்கம்? யாரு சொன்னது?" என்றார் நகரம்.

அத்தனை தலைகளும் வாசல் நாற்காலி பக்கம் திரும்பின. பை டூ அண்ணன் எழுந்து நின்றார். மறைக்கத் தெரியாத மனிதர். "நான்தான் பிரிச்சேன். ரெண்டு பேர்ல யாரும் தோக்கக் கூடாதுன்னுட்டு."

"இத்தன வருசம் கூடவே இருந்து கழுத்த அறுத்துட்டியேடா பாவி! இனிமே என் மூஞ்சில முழிக்காத!" என்று நகரம் கத்தினார்.

"அவரு சொல்றது கரெக்ட்டு. என் மூஞ்சிலயும் முழிக்காத" என்றார் ஒன்றியம்.

வேட்டி அவிழ்ந்த நாளிலிருந்து நகரம் சொன்ன ஒரு வார்த்தையை ஒன்றியம் சரி என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கிய துக்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். பிறகு அந்தப் படியில் அவர் ஏறவே இல்லை.

தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. மாடியில் விளக்குப் போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. தோற்றதற்குக் காரணம் யார் என்று மாநிலம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. எங்கள் ஊரில் அந்தச் சிரமமே இல்லை, நகரமும் ஒன்றியமும் எல்லாப் பழியையும் பை டூ தலையில் போட்டுவிட்டார்கள். ஒருத்தரைத் திட்டுவது என்றால் தனியாகத் திட்டி ருசிக்காது. எதிரில் உட்கார்ந்து ஆமாம் போட ஓர் ஆள் வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். மாவட்டத்தைப் பார்க்க ஒரே காரில் போனார்கள். வழியில் குருபரப்பள்ளியில் நிறுத்தி டிபன் சாப்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டிக்கொண்டே போவார்களாம். நகரத்தின் டிரைவர் முனிராஜ் ரீசார்ஜுக்கு வரும்போது எல்லாவற்றையும் சொல்வான்.

அண்ணன் கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் தம்பியின் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார். பெங்களூர்க் கழிவால் ஆற்றில் பொங்கி வரும் நுரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஓசூர் வருவார். கட்சிக்காரர் யார் கண்ணிலும் படாதபடி என் ஷட்டருக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

"ஏம்மா, திட்னாங்களா?"

"திட்டினாகண்ணே."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும் சேந்துதான்."

"முன் சீட்டுல ஒருத்தன், பின் சீட்டுல ஒருத்தனா?"

"இல்லண்ணே. பின் சீட்டுல பக்கத்துல பக்கத்துல உக்காந்தாகளாம்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த அப்பா மாதிரி நிற்பார். எனக்கு வயிறு எரியும். இந்த மனுஷனுக்கு ஒரு வாய் டீ வாங்கிக் கொடுக்க நாதியில்லை, இதில் இவ்வளவு சந்தோஷம்!

போன மாதம் முனிராஜ் வந்தான். "என்னப்பா, பை டூ அண்ணன இந்த வாரம் எப்படித் திட்டினாக?" என்று கேட்டேன்.

"அவரப் பத்திப் பேசறதையே விட்டுட்டாங்கக்கா. நானாதான் பேச்செடுத்தேன். 'அவன் இப்ப எங்கடா இருக்கான்?'னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள, சட்னில உப்பு இல்லன்னு வேற பேச்சுக்குப் போயிட்டாங்க."

மறுநாள் அண்ணன் ஒரு பை தக்காளியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, திட்னாங்களா?"

"கேக்கணுமாண்ணே? சூளகிரியில ஆரம்பிச்சவுக கிருஷ்ணகிரி வரைக்கும் வாயே மூடலையாம். காது குடுத்துக் கேக்க முடியலன்னான் முனிராஜ்."

"பசங்க இன்னும் என்ன மறக்கல பாரேன்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். தக்காளிப் பையை என் மேசையில் வைத்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

பொய் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். அன்றைக்குக் குழறவில்லை. வருகிற வாரத்துக்கும் இரண்டு புதுத் திட்டு யோசித்து வைத்திருக்கிறேன்.