தண்டவாளம் இல்லாத ஊரின் கார்டு

ஏற்காட்டில் தண்டவாளம் கிடையாது. ஆனால் நான் பார்த்ததிலேயே நேரம் தவறாத ரயில் அங்கேதான் ஓடுகிறது. அதை விடுகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. மலை முழுக்க அவர் 'கார்டு'.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாகலூர் போகிற வழியில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே நாலு அறை கட்டி, என்னைப் போன்ற ரயில் பைத்தியங்களைத் தங்கவைக்கிறார். பின்னால் ஒரு பாறை. பைனாகுலரோடு ஏறினால் மலையடிவாரத்தில் வண்டிகள் மரவட்டை மாதிரி ஊர்வது தெரியும். அதற்காகத்தான் அங்கே கூட்டம்.

அறையில் கட்டில் இல்லை. லோயர், மிடில், அப்பர் பெர்த்துதான். காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்படும்.

"ஏனுங்க சார், மணி ஆறாச்சுங்க. மிடில் பெர்த்த மடக்கிப்போடுங்க. கீழ இருக்கறவங்க நொம்பப் பாவமில்லீங்களா?"

கீழே இருந்தது என் மனைவி. அன்றிலிருந்து கார்டு அவளுக்குத் தெய்வம்.

சேலம் ஜங்ஷனுக்குப் போகிற ஜீப்பும் அவருடையதுதான். தினமும் மதியம் 2.10-க்குப் புறப்படும். ஓட்டுவது அவருடைய மச்சினர். கார்டு கடைசி சீட்டில், பின்பக்கம் பார்த்து உட்காருவார். அவர் விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டாமல் மச்சினர் கியரைத் தொடமாட்டார். ஊதிவிட்டால் யாருக்காகவும் நிற்கமாட்டார். ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த பேங்க் மேனேஜர் ஒருவர் ஏரிக்கரை வரை துரத்தினாராம். கார்டு அவரைப் பார்த்துக் கடைசிவரை மரியாதையாகக் கொடி காட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

புறப்பட்ட நேரத்தை ஒரு நோட்டில் எழுதுவார். தாமதமானால் காரணமும் எழுத வேண்டும், சர்வீஸில் எழுதியதைப் போலவே. அந்த இடம் மட்டும் எப்போதும் காலி.

"சர்வீஸ்லயும் சரி, இங்கயும் சரி, என்ற பேர்ல ஒரு நிமிசம் லேட்டு ஏறுனதில்லீங்க" என்று மார்தட்டுவார்.

நாங்கள் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. மறுநாள் காலை சென்னையில் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். சேலத்தில் ரயிலை விட்டால் என் கதி அதோகதி. அப்படியிருந்தும் இரண்டு மணிக்கு, "ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று பாறைக்கு ஓடினேன். கீழே மூன்று இன்ஜின் பூட்டிய கூட்ஸ் வண்டி! வேகன்களை எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தெட்டாவது வேகனில்தான் மகள் ஞாபகத்துக்கு வந்தாள்.

விழுந்தடித்து ஓடிவந்தால், ஜீப் நிற்கிறது! மணி 2.21. மச்சினர் ஏதோ கிரகணத்தைப் பார்ப்பதுபோல் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை மனைவி வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "விட்டுட்டுப் போங்க, புத்தி வரட்டும்" என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். வாய்வரை போன விசிலைக் கார்டு இறக்கிவிட்டாராம்.

"பொண்ணப் பெத்தவரு இல்லாம நிச்சயம் எப்படீங்கம்மா? வரட்டும், இருங்க."

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பறந்து கடந்து ஜங்ஷனுக்கு வந்தபோது ரயிலுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பெட்டியை இறக்கும்போது கடைசி சீட்டில் அந்த நோட்டு திறந்து கிடந்தது. என் பெயரைப் போட்டுக் கிழிகிழியென்று கிழித்திருப்பார் என்ற பயத்தோடு எட்டிப் பார்த்தேன்.

'2.10 வண்டி. புறப்பாடு 2.21. காரணம்: கார்டு தூங்கிவிட்டார்.'

கூடப்பிறந்த அண்ணன்கூட எனக்காக இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.