மாலை போட்ட தீயணைப்பான்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. படிக்கட்டுக்குக் கீழே தொங்கும் தீயணைப்பானில் காலாவதித் தேதி என்னவென்று பார்க்க வேண்டும். பதினொரு மணிக்கு வரும் வீட்டு வசதி வாரிய அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

இரண்டு நிமிட வேலை.

எங்களுடையது வண்ணார்பேட்டைப் பக்கம் அரசு வாடகைக் குடியிருப்பு. மூன்று மாடி. லிப்ட் கிடையாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். ஓய்வுபெற்றவன், கோபக்காரன் என்று இரண்டு தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

போய்ப் பார்த்தேன். தேதியைக் காணோம். தீயணைப்பான் முழுக்கச் சந்தனம். நடுவில் குங்குமம். கழுத்தில் காய்ந்துபோன சாமந்தி மாலை. ஆயுத பூசைக்குப் போட்டது, அப்படியே கிடக்கிறது.

நகத்தால் சுரண்டினேன்.

"அண்ணாச்சி! அதைப் போயி ஏன் சொரண்டுதிய?" கீழ் வீட்டுப் பேச்சியம்மாள் ஓடிவந்தாள்.

"தேதி பார்க்கணும்."

"தண்ணி மோட்டாருக்கு வச்சோம், கரண்டு மீட்டருக்கு வச்சோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதான் இதுக்கும் வச்சேன்."

"தேதி மேலயா வைப்பே?"

"அதுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாலையைப் பிடித்து இழுத்தேன். மாலை கட்டிய நாரை, பிடியில் இருந்த வளையத்தில் முடிந்து வைத்திருக்கிறாள். யாரும் தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்று மாட்டிய ஊக்கின் வளையம் அது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். இங்கே நாரோடு சேர்ந்த ஊக்கும் கையோடு வந்துவிட்டது.

நான் கவனிக்கவில்லை. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று பிடியைப் பிடித்துத் தூக்கினேன்.

அழுந்திவிட்டது.

அரசாங்கம் மாட்டிய பொருள் முதல் அழுத்திலேயே வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

புஸ்ஸ்ஸ்! என் முகம், சட்டை, பேச்சியம்மாள், படிக்கட்டு எல்லாம் வெள்ளை. பொடி புகையாகக் கிளம்பி மாடிக்கு ஏறியது.

"தீ! தீ!" மேலே யாரோ கத்தினார்கள்.

தீ இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இருக்கும் என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. அவளுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான். நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடக்கிறாள். பயந்துபோய்ப் படியில் கால் வைத்தால் தீர்ந்தது.

"இறங்காதே!" என்று கத்தினேன். சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் பொடி.

முன் படிக்கட்டில் சனம் திமுதிமுவென்று இறங்குகிறது. பின் படிக்கட்டுக்கு ஓடினேன். கம்பிக் கதவில் பூட்டு. பூட்டியது யார்? நான்தான். கள்ளன் பயம். சாவி எங்கே? மூன்றாவது மாடியில், என் வீட்டு ஆணியில்.

திரும்பி வந்து கூட்டத்துக்கு எதிராக ஏறினேன். இரண்டாவது மாடி வளைவில் மைதீன் பாய் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். தோளில் கேஸ் சிலிண்டர்.

"ஏன் வே? தீக்கு முன்னால சிலிண்டரைத் தூக்கிட்டு வாரீரு?"

"நேத்துதான் வே வந்துச்சு! நெறஞ்ச சிலிண்டரு! விட்டுட்டு வரச் சொல்லுதீரா?"

"தீயே இல்லை வே!"

"பொறவு எதுக்குவே நான் இதைத் தூக்குனேன்?"

அவரைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டு ஏறினேன். மேலே என் வீட்டுக்காரி நிற்கிறாள். நடைவண்டி படி விளிம்பில். ஒரு கால் காற்றில்.

"ஆருலே அது?" என்றாள், வெள்ளைப் பொடியோடு நின்ற என்னைப் பார்த்து.

"நான்தான். காலை எடு. தீ இல்லை."

காலை எடுத்தாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

சரியாகப் பதினொரு மணிக்கு அதிகாரி அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னாலேயே பேச்சியம்மாள்.

"ஒத்திகையா சார்? எல்லாரும் இறங்கிட்டாங்களே, பிரமாதம்!" என்றார் அதிகாரி.

"நான் இறங்கலியே," என்றாள் வீட்டுக்காரி.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இவங்களை எப்படி இறக்குவீங்க?"

பின் படிக்கட்டைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். படிக்குப் படி ஆட்டுரல், அம்மி.

"என்ன சார் இது?"

"மிக்ஸி வந்தாச்சு. ஆனா தெருவுல போட்டா லட்சுமி போயிருவாளாம். அதான் இங்கன," என்றேன்.

"எங்க ஆட்டுரலும் அதுல ஒண்ணு," என்றாள் வீட்டுக்காரி. அவளை யாரும் கேட்கவில்லை.

"கீழ்த்தளத்துல வீடு ஏதும் காலியா இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்லை," என்றேன்.

"இருக்கு!" என்றாள் பேச்சியம்மாள். "சங்க ஆபீசு. அண்ணாச்சி அங்கனதான் பேப்பர் படிக்காவ. மத்தியானம் தூங்குதாவ."

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "இருபது நாளா உங்களுக்கு இது தோணலியா?"

"அது அலுவலகம். நிர்வாகம் நடக்கிற இடம்."

"நிர்வாகத்துக்கு மூட்டு நல்லாத்தான இருக்கு? அது மாடி ஏறட்டும். நான் கீழ போறேன்."

வீட்டையும் அலுவலகத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று அதிகாரி அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மைதீன் பாயும் இன்னும் மூன்று பேரும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். சிலிண்டரை விடக் கனம் குறைவு என்றார் பாய்.

மறுநாள் ஆட்டுரல்கள் முற்றத்துக்கு வந்தன. கம்பிக் கதவுப் பூட்டை நானே கழற்றினேன்.

சங்க அலுவலகம் இப்போது மூன்றாவது மாடியில். குறை சொல்ல ஒருவரும் ஏறி வருவதில்லை. கேட்க நானும் ஏறுவதில்லை.