மெட்டை யார் பாடுவது?

கேப்பிள் க்ரீக், மிசௌரி

அன்பும் மரியாதையும் உள்ள நெட்டி அக்காவுக்கு,

தம்பி எமெட் எழுதுவது. மெம்ஃபிஸ் வெயில் உனக்கும் அத்தானுக்கும் ஒத்துக்கொள்கிறதா? இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் பேண்டு முடிந்துவிட்டது. அத்தானின் டயர் கடையில் எனக்கு ஒரு வேலை வேண்டும்.

உனக்குத் தெரியாததா? எங்கள் இரண்டு பாடகர்களில் ராஸ்கோவுக்குக் கிட்டார் அலற வேண்டும். வர்ஜிலுக்கு எல்லாப் பாட்டும் மெதுவாக அழ வேண்டும். ஆனால் ஒருவன் மெட்டைப் பாட, மற்றவன் கீழே துணைக்குரல் கொடுத்தால் டிரம்ஸ் அடிக்கிற நானே தாளத்தை விட்டுவிட்டுக் கேட்பேன். ஒத்திகை பார்க்கிற நிலவறைக்கு வெளியே எங்களை யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். வசந்தத்திலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. "அவன் கிட்டார் சத்தத்துல என் பாட்டு செத்துப்போச்சுன்னு சொல்லு" என்பான் வர்ஜில், பக்கத்திலேயே நிற்கிறவனைப் பற்றி. "அது பொறக்கும்போதே செத்த பாட்டுன்னு சொல்லுடா" என்பான் ராஸ்கோ. நான் நடுவில் தபால்காரன்.

இப்படியிருக்க, போன வாரம் ஹார்லன் போய்ச்சேர்ந்துவிட்டார். தன் தீவனக் கடை நிலவறையை எங்களுக்குச் சும்மா விட்ட மனுஷன். சத்தம் மிஞ்சினால் மேலே இருந்து பூட்ஸ் காலால் தரையை மிதிப்பவர். அவர் மனைவி ஓபல் அழவே இல்லை. ராஸ்கோவிடமும் வர்ஜிலிடமும் மட்டும், "அவருக்குப் புடிச்ச ஞானப்பாட்ட நீங்க ரெண்டு பேரும் பாடிருங்கப்பா" என்றார்.

அடக்க ஆராதனையில் சவப்பெட்டிக்கு முன்னால் ஒரே மைக். இருவரும் வாயைத் திறந்தார்கள். இருவரும் துணைக்குரல்! செத்தவர் முன்னால் சண்டை வேண்டாம் என்று ஒவ்வொருவனும் மெட்டை மற்றவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். முன்கூட்டியே பேசித் தொலைத்திருந்தால் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி அந்தப் பாட்டு தட்டுத்தடுமாறி நடந்தது. போதகர் தன் ஷூவைப் பார்த்தார். ஹார்லனுக்குப் பதில் நானே பெட்டிக்குள் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து ஓபல் எழுந்து, உடைந்த குரலில் மெட்டைப் பிடித்தார். தடியன்கள் இருவரும் நிறுத்தவில்லை, துணைக்குரலிலேயே நின்று அவர் குரலை ஏந்திக்கொண்டார்கள். கடைசி வரியில் ஓபல் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன் அக்கா, வெட்கமே இல்லை.

அடக்கம் முடிந்து பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிடும்போது இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பேண்டையும் அன்றே அடக்கம் செய்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஓட்டை வேனால் டயர் மாற்ற நன்றாகவே பழகியிருக்கிறேன். அத்தானிடம் சொல்.

கர்த்தர் உன் வீட்டைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
எமெட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் டிரம்ஸைக் கட்டி எடுக்க நிலவறைக்குப் போனேன். அங்கே இருவரும் மூக்கோடு மூக்கு உரச நிற்கிறார்கள். "மெட்ட நீ பாடுடா!" "நீ பாடு! அது உன் குரலுக்குன்னே செஞ்சதுடா!" நேருக்கு நேர், நான் நடுவில் இல்லாமல்! திடீரென்று மேலே தரையில் தொம் தொம்மென்று மிதி. மூவரும் உறைந்துபோனோம். படியில் ஓபல் தெரிந்தார், காலில் ஹார்லனின் பூட்ஸோடு. "சண்ட போட்டது போதும், வாசிங்கடா!" டயர் கடை வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு, அக்கா.