சாண்டர் பாயின் கதவு

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், கதவைச் சாத்திக்கொண்டு கடை நடத்திய மனிதர் சாண்டர் பாய் ஒருவர்தான்.

மரம் தேய்க்கிற கரண்ட் மெஷினுக்குச் சாண்டர் என்று பெயர். தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த நான், அது மக்கர் பண்ணினால் மடியில் வைத்துக்கொண்டு இராஜபாளையத்திலிருந்த பாயின் ரிப்பேர் கடைக்கு பஸ் ஏறுவேன். பாய் அதைக் கழற்றி, தூசியை ஊதி, மோட்டாரில் தேய்ந்த கார்பனை மாற்றி, பேரிங்குக்கு கிரீஸ் வைப்பார். கூத்து அதற்குப் பிறகுதான். என்னை வெளியே நிறுத்திவிட்டு, தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கதவின் மேலேயே நான் மெஷினை ஓட்ட வேண்டும். அவர் மறுபக்கம் காதை ஒட்டிவைத்து, டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிற மாதிரி கேட்பார். ஏதாவது கட்டையில் ஓட்டிப் பார்த்தால் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன். கட்டையில் சத்தம் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டார்.

ஊர்த் தச்சர்கள் அத்தனை பேரும் தேய்த்துத் தேய்த்துக் கதவு அப்பளமாகிவிட்டது. ஒருநாள் என் கையிலிருந்த சாண்டர் பலகையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனது. பாயின் தொப்பி பறந்தது. காது தப்பியது. ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "பேரிங் நல்லாருக்கு தம்பி, கொண்டு போங்க" என்றார்.

தச்சர்கள் நாங்கள் இருக்கும்போது பாய்க்குக் கதவு இல்லாமல் போகுமா? கூடிப் பேசி, இரண்டு விரல் கனத்தில் தேக்குக் கதவு செய்து மாட்டினோம். அதுதான் வினையாகப் போனது. அதன்பிறகு பாய் சரியாகிவிட்டது என்று கொடுத்த மெஷின்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆட்கள் மதுரைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். பாய் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்.

ஒருநாள் நான் மெஷினை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பாயின் குரல் வந்தது.

"என்ன தம்பி, இன்னும் சுவிட்சைப் போடலையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தனை வருஷத்து இரைச்சல் அவர் காதைத் தின்றிருக்கிறது. மெலிந்த பழைய கதவில்தான் அவருக்கு ஏதோ கேட்டிருக்கிறது. அதையும் நாங்கள் கழற்றி எறிந்துவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கடையைப் பூட்டிவிட்டுத் தொழுகைக்குப் போன நேரம், பக்கத்து டீக்கடையிலிருந்து வயர் இழுத்து, நானும் இரண்டு ஆசாரிகளும் அந்த அருமையான தேக்கை அவர் காது உயரத்தில் குழியக் குழியத் தேய்த்தோம்.

பாய் வந்தார். குழியைத் தடவிப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மெஷினை வைத்து ஓட்டினேன்.

"நிறுத்துங்க தம்பி. பேரிங் கரகரங்குது. இன்னைக்கு இதைக் கொண்டு போவ முடியாது."

மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.