நான் துவைத்த ஆறு சாக்குகள்

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. பதினோரு வருடங்களாக நமக்குள் பேச்சு இல்லாததால் நலமா என்று உங்களைக் கேட்க முடியவில்லை. அண்ணியைக் கேட்டதாக வைத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அவர் எழுதியிருந்தார். வருவதாக இல்லை. அப்பாவின் புத்தக அலமாரியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்த உங்கள் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

“உனக்கு மனுஷங்களோட ஒத்துப்போகாதுடா” என்று அன்று சொன்னீர்கள். சரி என்று, வேலையை விட்டபின் வனவிலங்கு மீட்பு மையத்தில் சேர்ந்துவிட்டேன். என் பொறுப்பில் பதினான்கு பெக்கரிகள், தென்னமெரிக்க விலங்கு. பார்த்தால் காட்டுப்பன்றிதான், ஆனால் பன்றி என்று சொன்னால் டாக்டரம்மாவுக்குக் கோபம் வரும், இது வேறு குடும்பமாம். கண் சரியாகத் தெரியாது. முதுகில் ஒரு நாற்றச் சுரப்பி. அந்த நாற்றத்தை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துக்கொண்டு மந்தையே ஒரே நாற்றமாகத் திரியும். அந்த நாற்றம் இல்லாதவர் அந்நியர். அந்நியரைக் குதறிவிடும்.

அதில் ஒருத்தி வேலிக்கம்பியில் காலை மாட்டி முறித்துக்கொண்டு நாற்பது நாள் சிகிச்சை அறையில் கிடந்தாள். மந்தை படுத்த சாக்கை வாரம் ஒருமுறை கொண்டுவந்து அவளுக்கு விரிக்க வேண்டும் என்றார்கள். எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, வழக்கம்போல. நான் படித்தவன், சுத்தம் தெரிந்தவன். ஒவ்வொரு சாக்கையும் மல்லிகை மணச் சோப்புத்தூளில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்துத்தான் விரித்தேன். ஆறு சாக்கு!

திரும்பக் கொண்டுபோய் விடும் நாளில்தான் டாக்டரம்மா அவளை முகர்ந்து பார்த்தார்.

“என்ன சார் இது, கல்யாணப் பொண்ணு மாதிரி மணக்குறா?”

சொன்னேன்.

“போச்சு! வீட்டு வாசனை போகக்கூடாதுன்னுதானே சாக்கே! பெத்தவளே கடிச்சுடுவா சார்.”

“இன்னும் தள்ளிப்போட்டா அப்புறம் எப்பவும் தனியாத்தான் கிடக்கணும்” என்றார் தீனி போடுகிறவர். “நம்ம சார் மாதிரி.”

ஆளுக்கொரு தடுப்புப் பலகையோடு நின்று கதவைத் திறந்தோம். நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். பதின்மூன்று முதுகிலும் மயிர் சிலிர்த்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்ட சத்தம் என் பலகை வழியே கைக்கு ஏறியது. அவள் ஓடவில்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றாள். அவளைப் பெற்ற ஒற்றைக்காதுக் கிழவி முன்னே வந்தாள். முகர்ந்தாள். தும்மினாள் அண்ணா, என் சோப்புத்தூளுக்கு! மறுபடி முகர்ந்தாள். பிறகு தன் கன்னத்தை மகள் முதுகில் வைத்து மெல்லத் தேய்த்தாள். அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பதின்மூன்றும் தேய்த்தன. கால்மணி நேரத்தில் மல்லிகை போன இடம் தெரியவில்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

“பலகையைக் கீழ வைங்க சார்” என்று டாக்டரம்மா மூன்றாவது முறை சொன்னபோதுதான் என் காதில் விழுந்தது.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் காரணம் ஒன்றும் இல்லை. அலமாரி விஷயத்தில் என் முடிவில் மாற்றமில்லை. எனக்காகத் தட்டு வைக்க வேண்டாம். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்கு, வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும், மரியாதை.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

பி.கு.: ஞாயிறு பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறேன். குளித்துவிட்டுத்தான் வருவேன், ஆனால் இந்த நாற்றம் குளித்தால் போவதில்லை. வாசலில் நான் ஒன்றும் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம். தும்மினால் பரவாயில்லை.