கமிட்டிக்குச் சாட்சி சொன்ன கூரை

"ஒழுகுது!" என்று எழுந்து உட்கார்ந்தான் அய்யாவு.

அத்தாப்பு ஓலைக் கூரையிலிருந்து விழுந்த சொட்டு நேராக அவன் மூக்கில்தான் விழுந்திருந்தது.

"மழை பேஞ்சா ஒழுகாம என்ன செய்யும்?" என்றாள் வீரம்மா. நிறைமாத வயிற்றோடு அவள் காய்ந்த மூலையாகப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வேறு சமயமாக இருந்தால் அவனும் தலையை நகர்த்திப் படுத்திருப்பான். ஆனால் புதன்கிழமை கமிட்டி வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் ரோட்டுக் கூலிகள் குடியிருக்கும் லைன்களைப் பார்க்கக் கவுன்சில் மூன்று துரைகளை நியமித்திருந்தது. லைன்களைப் பராமரிக்கும் ஆபீஸ், 'வீடுகள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன' என்று சொல்லியிருந்தது. அது மெய்யா என்று துரைகள் நேரில் பார்க்க வேண்டுமாம். லைனுக்கு வரும் எந்தத் துரையும் முதல் வீட்டைத் தாண்டி நடந்ததில்லை. முதல் வீடு அய்யாவுடையது.

விடிந்ததும் கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் பழனியப்பன் வந்து வாசலில் நின்றார்.

"டேய், கமிட்டி கண்ணுல ஒரு கொறை பட்டுச்சு, அன்னைக்கே உன் பெட்டி ரோட்டுல கெடக்கும். தொரை கேட்டா என்ன சொல்லுவ?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவேன், மண்டோரே."

"எது நல்லா இருக்கு?"

"எல்லாம்."

"அது! அப்படியே சொல்லு."

மண்டோர் சொன்னால் செய்வார். பெட்டி ரோட்டுக்குப் போனால் வீரம்மாவும் ரோட்டுக்குப் போக வேண்டும். போன மழைக்காலத்தில் இதே ஈரத் தரையில் பிறந்த பிள்ளை சளி கண்டு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்தப் பிள்ளை ரோட்டில் பிறக்கக் கூடாது. அய்யாவுக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

"நீங்க ஏன் இப்படி மெனக்கெடுறீங்க? வீடு நல்லா இருக்குன்னு சொல்லிட்டா புதுசு கட்டித் தருவாங்களா?" என்றாள் வீரம்மா.

"பொம்பளைக்கு இதெல்லாம் வெளங்காது, சும்மா கெட."

அவள் சும்மா கிடந்தாள்.

அன்றே புது அத்தாப்பு வாங்கி ஓட்டையை அடைத்துவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பினால் இரண்டு இடத்தில் ஒழுகியது.

"என்னடி இது?"

"காத்தா இருக்கும்."

மறுநாள் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, இரண்டு ஓட்டைக்கும் மேலே வைத்துக் கட்டிவிட்டுப் போனான். திரும்பியபோது தகரம் சாக்கடையில் கிடந்தது. கூரையில் வானம் தெரிந்தது.

"கொரங்கு வந்துச்சா?"

"நான் எங்க கண்டேன்? வயித்தத் தூக்கிட்டு நகரவே முடியல."

பாவம் என்று அவள் காலைப் பிடித்துவிட்டான். பிடிக்கும்போதே யோசனை பிறந்தது. ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறோம். ரோட்டில் தண்ணீர் இறங்குகிறதா? இறங்கவில்லை. அப்படியானால் கூரையில் மட்டும் எப்படி இறங்கும்?

ரோட்டு வேலையில் மிஞ்சிய தாரை மண்டோரிடம் கெஞ்சி வாங்கி வந்து, கூரை முழுக்கப் பூசினான். அன்றைய மழை கூரைக்கு மேலேயே நின்றது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. மறுநாள் மத்தியானம் வெயில் ஏறியது. மண்டோர் சரிபார்க்க வந்து, வீட்டு நடுவில் நின்று, "இப்பதான்டா இது வீடு" என்று நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வெள்ளைத் தலைப்பாகையில் பொத்தென்று தார் விழுந்தது.

"என்னடா இது?"

"தாருங்க."

"தாருன்னு எனக்குத் தெரியாதா? முப்பது மைல் ரோடு போட்டவன்டா நான்!"

பாயிலும் பலகைச் சுவரிலும் கறுப்புக் கோடாக வழிந்தது. சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தான். கூரையில் ஏறி இறங்கியதில் அந்தப் பலகைச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு மரத்தை வெட்டி முட்டுக் கொடுத்தான்.

புதன்கிழமை மழை கொட்டியது. துரைகள் மூன்று பேரும் குடையோடு வந்து இறங்கினார்கள். எழுத்து வேலைக்கும் கேள்வியைத் தமிழில் சொல்லவும் கிராணி கபிரியேல் கூட வந்திருந்தார். மண்டோர் வாசலில் நின்று அய்யாவை முறைத்தார். பக்கத்து வீட்டு இராஜம்மா வீரம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

தலைமைத் துரை ஒல்லியான மனிதர். வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவர் தொப்பியில் முதல் சொட்டு விழுந்தது.

"கூரை ஒழுகுமான்னு தொரை கேக்குறாரு" என்றார் கபிரியேல்.

"ஒழுகாதுங்க."

தலைமைத் துரை நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினார். அங்கேயும் விழுந்தது. வலப்பக்கம் நகர்த்தினார். அங்கே தாரும் சேர்ந்து விழுந்தது.

"தரை காஞ்சிருக்குமா?"

"எப்பவும் காஞ்சிருக்கும்."

மூன்று துரைகளும் சேற்றில் இருந்து பூட்சைப் பிடுங்கினார்கள்.

"சுவரு பலமா?"

"யானை முட்டினாலும் அசையாதுங்க!"

குண்டுத் துரை பிரம்பால் மெல்லத் தட்டிப் பார்த்தார். சுவர் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக வெளியே சாய்ந்து, சாக்கடைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. முட்டுக் கொடுத்த மரத்தை அங்கே காணோம்.

கபிரியேல் காகிதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைச் சொன்னார்.

"காத்தோட்டம் உண்டா?"

"இப்ப உண்டுங்க" என்றான் அய்யாவு. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

தலைமைத் துரை வெகுநேரம் கூரையைப் பார்த்தார். வீரம்மாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"நீ ஒண்ணு சொல்ற, உன் வீடு ஒண்ணு சொல்லுது. கமிட்டி வீட்டுச் சாட்சியத்தான் ஏத்துக்குதாம்" என்றார் கபிரியேல். "ஆபீஸ்காரங்களயும் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க. புது லைன் கட்டி முடியிற மட்டும் ஒரு குடும்பத்தையும் கெளப்பக் கூடாதுன்னு மண்டோருக்கு உத்தரவு. நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கே ரோட்டுச் சாமான் வைக்கிற கொட்டாய்க்குப் போயிடுங்க. அங்க ஜிங்க் தகரக் கூரை, சிமிந்தித் தரை."

கொட்டாய்க்குப் போன நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. வெளியே மழை பேய்மழையாக அடித்தது. குழந்தை காய்ந்த துணியில் கிடந்து காலை உதைத்தது. மழைக்காலம் போனபின் செங்கல் தூணும் ஜிங்க் கூரையுமாகப் புது லைன் எழும்பியது. குழந்தை புது வீட்டின் காய்ந்த தரையில் குப்புற விழுந்து தலையைத் தூக்கியது. அய்யாவு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்லக் கிளம்பினான். மாரியம்மனைக் கும்பிட்டான். கபிரியேல் வீட்டுக்குப் போய்ப் பழம் கொடுத்தான். மண்டோருக்குக்கூடக் கொடுத்தான். "சொன்னபடியே எல்லாம் நல்லா இருக்குன்னுதானடா சொன்ன, உன் மேல கொறையில்ல" என்று அவரும் வாங்கிக்கொண்டார். கடைசியாக, பிள்ளைப்பேறு பார்த்த இராஜம்மாவிடம் வந்தான்.

"நீ செஞ்சத மறக்க மாட்டேன், அக்கா. ஆனா அந்தப் பழைய கூரைக்கும் ஒரு கும்புடு போடணும். நான் எம்புட்டு அடைச்சும் கேக்காம, ஒழுகியே எங்களக் கரையேத்திருச்சு பாரு!"

இராஜம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, பழத்தை உரித்தாள்.

"கூரைய ஏன்டா கும்புடுற? வீட்டுக்குப் போயி வீரம்மாளக் கும்புடு. நீ அடைச்சிட்டு வேலைக்குப் போனதும் ஒவ்வொரு நாளும் நெறமாச வயித்தோட மேல ஏறிப் பிரிச்சுவிட்டதும், கடைசியில முட்டு மரத்த உருவினதும் அவதான்; நான் ஏணிய மட்டுந்தான் புடிச்சேன்."