தடுப்புச்சுவரின் தனி அறைகள்

மனிதர்களில் அறை பிரிப்பவர் என்று ஒரு ரகம் உண்டு. கொத்தனாரைச் சொல்லவில்லை; அவர் பாவம், வாசல் வைக்க மறக்கமாட்டார். நான் சொல்வது கம்ப்யூட்டர் சர்வருக்குள் அறை பிரிப்பவரை.

அலுவலகத்தில் 'தடுப்புச்சுவர்' என்று பட்டப்பெயர் வாங்கிய நம்மவரைப் பாருங்கள். வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டிதான் அவருடைய சர்வர். அதற்குள் குடும்பப் புகைப்படங்களுக்கு ஓர் அறை, மகனின் விளையாட்டுக்கு ஓர் அறை, புதிதாக எதையாவது போட்டுப் பார்த்துக் கெடுத்துக்கொள்ள ஓர் அறை, அந்த அறையை வேவு பார்க்க இன்னோர் அறை என்று, ஒன்றின் மூச்சுக்காற்று மற்றதன்மேல் படாதபடி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முழ நீளத்துக்குக் கடவுச்சொல் வைத்து, சாப்பாடு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். எதற்காம்?

"ஒரு ரூம்ல தீப்பிடிச்சாலும் பக்கத்து ரூமுக்குப் புகைகூடப் போகாது!"

கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். மைத்துனியிடம் சொன்னபோது, "அந்த வீட்ல யாருமே பேசிக்க மாட்டாங்களா அத்தான்?" என்றாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று தள்ளிவிட்டார்.

மனைவியின் ஆய்வேடும் அங்கேதான் இருந்தது. ஆறு வருட உழைப்பு. "உன் லேப்டாப்பை நம்பாதே" என்று பிடுங்கிக்கொண்டுபோய், இருப்பதிலேயே உள்ளடங்கிய அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் கடைசி நாள் காலையில் மின்சாரம் போய் வந்தது. பெட்டி மறுபடி உயிர்பெற்றதும், அவர் சொல்லிக்கொடுத்தபடியே சமர்த்தாக எல்லா அறைகளையும் பூட்டிக்கொண்டது.

"என்னங்க, ஃபைலை எடுத்துக் குடுங்க. மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்."

"இதோ, ஒரு நிமிஷம்."

அந்த அறையின் கடவுச்சொல் கடவுச்சொற்கள் அறையில் இருந்தது. சரி, கடவுச்சொற்கள் அறையின் கடவுச்சொல்? அதுவும் அதற்குள்ளேதான். முக்கியமானதல்லவா, வெளியே வைப்பாரா?

நம்மவருக்கு வேர்த்துக் கொட்டியது. நினைவுக்கு வந்ததையெல்லாம் தட்டினார். கல்யாண நாளைத் தட்டிப் பார்த்தார். அந்தத் தேதியே சரிதானா என்று சந்தேகம் வந்தது. பின்னால் நின்ற மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண் கலங்க நின்றாள்.

திடீரென்று அவள் போனை எடுத்தாள்.

"ஏய், முந்தாநாள் படிச்சுப் பாருன்னு என் தீசிஸை அனுப்பினேன்ல? அதை அப்படியே திருப்பி அனுப்புடி, சீக்கிரம்."

அடுத்த நிமிடம் வந்துவிட்டது. மைத்துனியின் போனில், பூனைப் படங்களுக்கும் புடவைப் படங்களுக்கும் நடுவில், பூட்டே இல்லாமல் சௌக்கியமாக இருந்திருக்கிறது.

போன உயிர் திரும்பிய நம்மவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"அவ போனுக்கா அனுப்பினே? அது பாதுகாப்பே இல்லையே!"

"பாதுகாப்பா இருந்ததுதாங்க கிடைக்கலை," என்றாள், அனுப்பும் பொத்தானை அழுத்திக்கொண்டே.

அதற்கப்புறம் திருந்தினாரா? பேஷாக. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அறைகள் கட்டினார். மாற்றுச் சாவிக்கென்றே தனியாக ஓர் அறையும் கட்டி, பூட்டியும் வைத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் பீரோவின் மாற்றுச் சாவியை எங்கே பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள்? பீரோவுக்குள்தானே?